பேகனின் பூட்டிய கதவு: எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியா மாநிலம் ரெட்வுட் சிட்டியில் இருக்கும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்கள் தலைமையகத்தில் இதைப் படிக்க ஆள் இருப்பார்களோ மாட்டார்களோ. ஆனால் ஹைதராபாதில் உங்களுக்கு அலுவலகம் இருக்கிறது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இல்லாமலா போய்விடுவார்? அவர் மதிய உணவு நேரத்தில் இதைப் படித்துவிட்டு மேலிடத்தில் ஒரு வரி சொன்னால் போதும். நான் கேட்கப் போவதும் ஏறக்குறைய ஒரு வரிதான்.

1994-இல், டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் இருந்த உங்கள் துணை நிறுவனமான ஆரிஜின் சிஸ்டம்ஸ், 'அல்டிமா VIII: பேகன்' என்ற ரோல்பிளே வகைக் கணினி விளையாட்டை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து, மூல ஆட்டத்தோடு சேர்த்து ஆட அதற்கு ஒரு கூடுதல் தொகுப்பும் தயாரானது. பெயர் 'த லாஸ்ட் வேல்', அதாவது தொலைந்த பள்ளத்தாக்கு. வேலை முடிந்து, டிஸ்க்கில் பதித்துக் கடைக்கு அனுப்ப வேண்டிய நிலைக்கே வந்துவிட்டது என்று அதில் ஈடுபட்டவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பெட்டிகூடத் தயாரானது. அதன் பிறகு, வெளியிட வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்தத் தொகுப்பின் ஒரு பிரதியைக்கூட வெளியுலகம் பார்க்கவில்லை. பெயர் வைத்தவரின் வாய்முகூர்த்தம் அப்படி.

தமிழ் வாசகர்களுக்காக இடையில் ஒரு சொல். பேகன் என்றால் நமக்கு மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல். வேல் என்றால் முருகன் கையில் இருப்பது. இருவருக்கும் பழனிப் பக்கம்தான் ஊர். இங்கே பேகன் என்பது ஆட்டம் நடக்கும் உலகத்தின் பெயர், வேல் என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். போதாக்குறைக்கு இந்த அல்டிமா வரிசையின் நாயகனுக்குப் பெயர் அவதார். நம் அவதாரத்திலிருந்து எடுத்ததுதான். அவதாரம் பேகனுக்குப் போய் வேலைத் தேடும் கதை என்று கேட்ட நாளிலிருந்து இந்த ஆட்டத்தின்மேல் எனக்கு ஓர் உரிமை வந்துவிட்டது. நியாயமில்லாத உரிமைதான். ஆனாலும் அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் நிறுவனத்தில் இன்று இருப்பவர்களில் பலர் அப்போது பள்ளிப் பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். அதனால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். ரிச்சர்ட் காரியட், அவருடைய அண்ணன் ராபர்ட், விண்வெளி வீரரான தந்தை ஓவன், நண்பர் சக் பூஷே ஆகியோர் 1983-இல் ஆரிஜினைத் தொடங்கினார்கள். 1992-இல் நீங்கள் அதை வாங்கினீர்கள். அந்த ஆண்டு வந்த அல்டிமா VII-க்கு 'ஃபோர்ஜ் ஆஃப் வர்ச்சூ', அடுத்த ஆண்டு அதன் இரண்டாம் பகுதிக்கு 'சில்வர் சீட்' என்று கூடுதல் தொகுப்புகள் வெளிவந்தன. ஆட்டம் வரும், பின்னாலேயே அதற்கொரு துணைத் தொகுப்பு வரும் என்பது வாங்குபவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. லாஸ்ட் வேல் அந்த வரிசையில் மூன்றாவதாக வந்திருக்க வேண்டியது.

ஆனால் பேகன் சறுக்கியது. பழைய அல்டிமாக்களில் நாயகனோடு ஊர் ஊராக நடந்த தோழர்கள் இதில் இல்லை; அவன் தனி ஆள். அசையும் கற்களின்மேல் குறி பார்த்துத் தாவ வேண்டும், தவறினால் தண்ணீரில் விழுந்து சாக வேண்டும். 'சூப்பர் அவதார் பிரதர்ஸ்' என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். தாவுவதை எளிதாக்கிப் பின்னால் ஒரு திருத்தம் வந்தது, ஆனால் அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. பங்குதாரர்களைத் திருப்திப்படுத்தப் போய், முழுதாக முடியாத ஆட்டத்தை விற்பனைக்கு அனுப்பியது தன் தவறு என்று காரியட்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். விற்பனை எதிர்பார்த்தபடி இல்லாததால் துணைத் தொகுப்பும் கைவிடப்பட்டது. அந்த முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. கணக்குப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியாகவே இருந்திருக்கும்.

எனக்குப் பேகன் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மீனவன் நாயகனைக் கடலிலிருந்து கரையேற்றுகிறான். எழுந்து நாலு அடி நடந்தால் துறைமுகத்தில் ஒருவனுடைய தலையை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். நல்லது கெட்டது எது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மண், நீர், நெருப்பு, காற்று என்று நான்கு பேராற்றல்களுக்குப் பயந்து வாழும் ஊர் அது. எட்டு அறங்களைக் கடைப்பிடித்து அவதாரானவன், அறம் என்ற பேச்சே எடுபடாத ஓர் உலகில் மாட்டிக்கொண்டு, வீடு திரும்புவதற்காக ஒவ்வொரு அறமாக விட்டுக்கொடுக்கிறான். இதைவிட மோசமாக எழுதப்பட்ட ஆட்டங்களுக்கெல்லாம் இன்று பொன்விழாப் பதிப்பு வருகிறது. இந்த உலகத்தின் மீதிக் கதை லாஸ்ட் வேலில் இருந்தது. அதனால்தான் தேடுகிறோம்.

தேடி என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே டிஸ்க் இல்லாத, லாஸ்ட் வேலுக்காகச் செய்த பெட்டி, சேகரிப்பாளர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. இது தவிர, வேலை செய்தவர்கள் அங்கங்கே சொன்ன நினைவுகள் இருக்கின்றன. மூல ஆட்டத்துக்குள் எந்தச் சாவிக்கும் திறக்காத ஒரு கதவு இருக்கிறது. பள்ளத்தாக்குக்குப் போகும் வாசல் அதுதான் என்பது ரசிகர்களின் நெடுநாள் நம்பிக்கை. வளையாபதி என்று ஒரு காப்பியம் இருந்ததை நாம் இன்று அறிவது, பிறர் எடுத்தாண்டு காப்பாற்றிய 72 பாடல்களால்தான். லாஸ்ட் வேலுக்கு அந்த 72-ம் இல்லை, மேலட்டை மட்டும் இருக்கிறது.

ஆனால் டிஸ்க் கிடைத்தால் அதை ஓட்டிப் பார்க்க எல்லாம் தயார். பேகனின் இயங்குமுறையைப் பல ஆண்டுகள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, பென்டகிராம் என்ற பெயரில் தன்னார்வலர்கள் புதிதாக எழுதினார்கள். அது ஸ்கம்விஎம் என்ற திட்டத்தில் சேர்ந்து, 2020-இல் வந்த 2.2.0 பதிப்பு முதல் பேகனை இன்றைய கணினிகளிலும் கைப்பேசிகளிலும் ஓட்டுகிறது. வரைபடக் கோப்பு, உருவக் கோப்பு, பாத்திரங்களின் பேச்சையும் நடத்தையையும் தீர்மானிக்கும் நிரல்துண்டுகள் ஆகியவற்றைத் திறந்து படிக்கும் கருவிகளும் இருக்கின்றன. பூட்டைத் திறக்கும் ஆசாரி வாசலில் உட்கார்ந்திருக்கிறார், பெட்டியைத்தான் காணோம்.

அப்படியானால் பெட்டி எங்கே இருக்கும்? இங்கேதான் உங்களிடம் வருகிறேன்.

2004 தொடக்கத்தில் ஆஸ்டின் அலுவலகத்தை மூடினீர்கள். ஓர் அலுவலகம் மூடப்படும்போது என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாற்காலிக்குக் கணக்கு உண்டு, கணினிக்குக் கணக்கு உண்டு. மேசை இழுப்பறையில் கிடந்த பெயர் எழுதாத டிஸ்க்குக்குக் கணக்குக் கிடையாது. சில குப்பைக்குப் போயிருக்கும். சில உங்கள் கிடங்குக்குப் போய், இன்றும் பிரிக்காத அட்டைப்பெட்டியில் இருக்கலாம். இன்னும் சிலவற்றை, குப்பையில் போட மனம் வராத யாரோ ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார். என் அனுபவத்தில் மூன்றாவது வகைதான் பிழைக்கும். ஆரிஜினிலேயே இதற்கு உதாரணம் உண்டு: விங் கமாண்டர் ஆட்டத்தின் மூல நிரல் 2011-இல் ரசிகர்களின் பாதுகாப்புக்கு வந்து சேர்ந்தது, அதை உருவாக்கியவர்களில் ஒருவர் அவ்வளவு காலம் வைத்திருந்ததால்தான்.

அதே போல லாஸ்ட் வேலை வைத்திருக்கும் ஒருவர் இன்று ஏன் வாய் திறக்க மாட்டார்? பயம்தான். வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் நினைவுக்கு வரும். வீட்டில் இருப்பது சட்டப்படி உங்கள் சொத்து. வெளியே சொன்னால் 'எப்படி எடுத்துப் போனாய்' என்ற கேள்வி முதலில் வரும். அவருக்கு இப்போது 55, 60 வயது இருக்கும். பேரப்பிள்ளையோடு விளையாடும் வயதில் வக்கீல் நோட்டீஸ் வாங்க யாருக்கு ஆசை? 'நாம் ஏன் வம்பில் மாட்ட வேண்டும்' என்று டப்பாவை மூடி மீண்டும் பரணில் வைத்துவிடுவார். அவர் காலத்துக்குப் பிறகு வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகளுக்கு அது பழைய டப்பா.

காலம் கழிந்து உரிமை தானாக விலகும் என்று காத்திருக்கவும் முடியாது. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு நிறுவனத்துக்காக ஊழியர்கள் உருவாக்கி வெளியிடாமல் வைத்த படைப்புக்குப் பதிப்புரிமை, உருவான ஆண்டிலிருந்து 120 ஆண்டு. 1994-இல் உருவானது 2114 இறுதிவரை உங்களுடையது. வெளியிட்டிருந்தால் 95 ஆண்டோடு, 2089-இல் முடிந்திருக்கும். யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததற்குச் சட்டம் தரும் பரிசு கூடுதலாக 25 ஆண்டு! ஃப்ளாப்பி டிஸ்க்குக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது.

நான் கொஞ்சம் ஃப்ளாப்பி படிப்பவன். தொழிலாக இல்லை. தெரிந்தவர்கள் கொண்டுவந்து தருவார்கள். யாரோ ஒருவரின் முனைவர் பட்ட ஆய்வேடு, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கவிதைகள், பழைய ஜாதகக் கோப்புகள். மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்றில் பக்கத்துக்கு 80 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 செக்டர் என்ற துண்டுகள், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இன்றைக்கு ஒரு கைப்பேசிப் படத்துக்கே காணாது. அவ்வளவும் மெல்லிய பாலியஸ்டர் தாளின்மேல் பூசிய இரும்பு ஆக்சைடில் காந்தக் குறிகளாக இருக்கிறது. வெயில், ஈரம், பூஞ்சை மூன்றும் அதற்கு எமன். எங்கள் ஊரில் ஈரமும் பூஞ்சையும் அதிகம், ஆஸ்டினில் வெயில். கோடையில் ஒரு கார் கொட்டகையின் பரண் எவ்வளவு கொதிக்கும் என்று டெக்சாஸ்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் தன் அப்பா சேகரித்த நாட்டுப்புறப் பாடல்கள் இருந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தார். ஷட்டரை நகர்த்தி உள்ளே பார்க்காமல், ஆர்வக் கோளாறில் நேராக டிரைவில் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் டிரைவின் படிக்கும் முனை, பூஞ்சை ஒட்டிக்கொண்டு, டிஸ்க்கின் பூச்சைச் சுரண்டி எடுத்திருந்தது. வட்டமாக ஒரு கோடு, அதன் வழியாக மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு டிஸ்க்கைத் துடைக்காமல் நான் எந்த இயந்திரத்தின் பக்கத்திலும் கொண்டுபோனதில்லை.

சரி, நான் கேட்பது என்ன?

ஆட்டத்தை வெளியிடுங்கள் என்று கேட்கவில்லை. உங்களிடம் இருக்கிறதா என்றே தெரியாததை எப்படிக் கேட்பது? கேட்பது ஓர் எழுத்துமூல உறுதிமொழி. 'லாஸ்ட் வேல் தொடர்பான டிஸ்க், டேப், தாள் எதையேனும் வைத்திருப்பவர் அதை ஓர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தால், அவர்மீதோ காப்பகத்தின்மீதோ நடவடிக்கை எடுக்க மாட்டோம்.' சட்டத் துறையிலிருந்து ஒருவர் ஒரு மதியத்தில் எழுதி முடிக்கக்கூடிய கடிதம். இதனால் உரிமை உங்களைவிட்டுப் போகாது. விற்கும் உரிமையும் வெளியிடும் உரிமையும் உங்களிடமே இருக்கட்டும். பரணில் கை வைக்க அந்த மனிதருக்குத் தைரியம் வர வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒப்படைக்க நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆஸ்டினிலேயே, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பிரிஸ்கோ மையம் 2007 முதல் கணினி விளையாட்டு ஆவணங்களுக்கென்று ஒரு பிரிவை நடத்துகிறது. காரியட்டின் ஆவணங்களும் அங்கேதான் இருக்கின்றன. பெட்டி பிறந்த ஊரைவிட்டே போக வேண்டாம். நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் இருக்கிறது. கலிபோர்னியாவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் இருக்கிறது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னவர்கள் அவர்கள்தான். வெளியானவற்றின் கதியே அது. வெளியாகாத லாஸ்ட் வேல் அந்தக் கணக்கில்கூட வராது.

உங்களைக் கல்நெஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. 2008-இல் சிம்சிட்டி என்ற விளையாட்டின் மூல நிரலை, ஏழைக் குழந்தைகளுக்கான மடிக்கணினித் திட்டத்துக்காகத் திறந்து விட்டீர்கள். 2020-இலும் 2025-இலும் கமாண்ட் அண்ட் கான்கர் வரிசை ஆட்டங்களின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தீர்கள். அதற்காக ஒருவர் உங்கள் பழைய கிடங்குகளைக் குடைந்திருப்பார் என்று ஊகிக்கிறேன். அதே ஆளை இன்னும் ஒரு வாரம் 'ஆரிஜின், ஆஸ்டின்' என்று சீட்டு ஒட்டிய பெட்டிகளின் பக்கம் அனுப்ப முடியுமா? குறைந்தபட்சம் 1994, 1995 காலத்து பேக்கப் டேப்புகளின் பட்டியல் ஒன்று இருந்தால், அதை ஒருமுறை யாராவது படித்துப் பார்க்கட்டும்.

பிந்திக் கிடைத்தாலும் மதிப்புக் குறையாது என்பதற்கு மற்றவர்கள் உதாரணம். நின்டென்டோ 1995-இல் முடித்து, வெளியிடாமல் வைத்த ஸ்டார் ஃபாக்ஸ் 2-ஐ 2017-இல் வெளியிட்டது. 1989-இல் ஜப்பானில் வந்த மதர் என்ற ரோல்பிளே ஆட்டத்துக்கு ஆங்கில வடிவம் அடுத்த ஆண்டே தயாராகியும் வெளிவரவில்லை. 1990-களின் கடைசியில் ஒரு மாதிரி கேட்ரிட்ஜ் ஒரு சேகரிப்பாளரிடம் இருப்பது தெரிந்து, ரசிகர்கள் காசு சேர்த்து அதைப் படியெடுத்தார்கள். 2015-இல் நின்டென்டோவே அந்த ஆங்கில வடிவத்தை முறைப்படி விற்றது. ரசிகர்கள் படியெடுத்ததால் நின்டென்டோ குடி முழுகிப் போகவில்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு ஒரு முதலீட்டுக் கூட்டமைப்பு வாங்குவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தீர்கள். பெரிய கைமாற்றம் நடக்கும் காலத்தில்தான் கிடங்கு வாடகையைக் கணக்குப் பார்ப்பார்கள். 'இது எதற்கு இங்கே கிடக்கிறது' என்று கேட்பார்கள். வீடு மாற்றும்போது நம் வீடுகளில் எத்தனை பழைய கடிதக் கட்டுகள் காணாமல் போயின! அப்படி ஒரு கேள்வி வரும்போது பதில் சொல்ல, அந்தப் பெட்டிகளின்மேல் 'தூக்கி எறியாதீர்' என்று இப்போதே ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

கடைசியாக, நிர்வாகத்தினரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஆஸ்டினில் அன்று வேலை செய்தவர்களிடம் இரண்டு வார்த்தை.

ஐயா, அம்மா, உங்களில் ஒருவர் வீட்டில் அது இருக்கிறது என்று நம்புகிறேன். நீங்கள் மறந்தே போயிருக்கலாம். டிஸ்க் மேல் ஆட்டத்தின் முழுப் பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. கையெழுத்தில் ஒரு சுருக்கம், ஒரு தேதி, ஒரு எண் மட்டும் இருக்கலாம். குறுந்தட்டாக இருக்கலாம், பேக்கப் டேப்பாக இருக்கலாம். சோதித்துப் பார்த்தவர்கள் குறித்து வைத்த பிழைப் பட்டியல், வரைபடத் தாள், கதைக் குறிப்பு எதுவானாலும் எங்களுக்குப் புதையல்தான். மழைக்காலம், வெயில்காலம் பார்க்காமல் இந்த வாரமே ஒருமுறை பரணைப் பாருங்கள். கிடைத்தால் முதலில் வீட்டுக்குள், நிழலும் குளிர்ச்சியும் உள்ள அறைக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டிய சீட்டைக் கிழிக்காமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். டிஸ்க்கின் மூலையில் இருக்கும் சிறிய தாழை நகர்த்தி, துளை தெரியும்படி வையுங்கள்; அப்போதுதான் அதன்மேல் யாரும் எழுத முடியாது. இது முக்கியம். அந்தத் துளை மூடியிருந்தால், விண்டோஸ் 95 போன்ற பழைய அமைப்புகள் நீங்கள் சும்மா கோப்புப் பட்டியலைப் பார்த்தாலே முதல் செக்டரில் தம் அடையாளத்தை எழுதிவிடும்.

அதைப் படிக்க வேண்டிய முறை வேறு. காந்தக் குறிகள் மாறும் இடைவெளிகளை அப்படியே அளந்து பதிவு செய்யும் கிரீஸ்வீசில், கிரையோஃபிளக்ஸ் போன்ற கருவிகள் இருக்கின்றன. சாதாரண டிரைவ் 'பிழை' என்று கைவிட்ட செக்டரைக்கூட அந்தப் பதிவை வைத்துப் பிறகு பொறுமையாக மீட்டெடுக்கலாம். காப்பகங்களில் இதற்கென்று பழகிய கைகள் இருக்கின்றன. ஒரு டிஸ்க்குக்குச் சில சமயம் ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும்; அந்த வாய்ப்பை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் பழைய முதலாளிகளின் பதில் கடிதம் வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்ல வேண்டாம். ஆனால் ஆர்வம் தாங்காமல் அதை எந்த டிரைவிலும் போட்டுப் பார்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பேகனின் கதவருகே காத்திருக்கும் ஒருவன்